சுவருக்குள் மெல்லக் கசியும் நீர்: எதைத் தடுப்பது, எதற்குக் காப்பீடு கிடைக்கும்?

சுண்ணாம்புச்சுவர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் குளியலறைக்கும் படுக்கையறைக்கும் பொதுவான சுவரில், படுக்கையறைப் பக்கமாக, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ஓதம் ஏறியிருக்கிறது. முதலில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. இப்போது காரை உதிர்ந்து, ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. சுவரை ஒட்டி நின்ற மர அலமாரியின் அடிப்பலகையும் ஊறி உப்பிவிட்டது.

வீட்டுக்குக் காப்பீடு எடுத்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடிப்பதாலும் நிரம்பி வழிவதாலும் ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு உண்டு என்று பாலிசியின் ஒரு பக்கம் சொல்கிறது. படிப்படியாக நேரும் சேதம், தேய்மானம், ஓதம், பூஞ்சணம் ஆகியவற்றுக்கு இழப்பீடு இல்லை என்று இன்னொரு பக்கம் சொல்கிறது. சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கசிந்த நீர் இவ்விரண்டில் எதைச் சேரும்? நிறுவனத்துக்கு முதலில் தெரிவித்துவிட்டுச் சுவரை உடைக்க வேண்டுமா, உடைத்துக் காரணம் தெரிந்த பிறகு தெரிவித்தால் போதுமா? இந்தத் துறையை அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற மதிப்பீட்டாளர் எழுதியது:

காப்பீட்டுக் கோரிக்கை வந்த இடத்துக்குச் சென்று சேதத்தின் காரணத்தையும் அளவையும் கணிக்கும் இழப்பு மதிப்பீட்டுப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வீட்டுக் காப்பீட்டில் நீர்ச் சேதம் தொடர்பான பெரும்பாலான தகராறுகள் நீங்கள் சுட்டிக்காட்டிய அந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவில்தான் எழுகின்றன. நேருமா நேராதா, எப்போது நேரும் என்று முன்கூட்டி அறிய முடியாத நிகழ்வுக்காகவே காப்பீடு எழுதப்படுகிறது. இணைப்புக் குழாய் இரவில் வெடித்து வீடெங்கும் நீர் நின்றால் அது நிகழ்வு. பல மாதங்களாக ஊறிக்கொண்டிருந்த சுவரோ, ஒப்பந்தத்தின் பார்வையில், பராமரிப்பில் நேர்ந்த குறை.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது மறைவான கசிவு. வீட்டுக்காரர் அறிந்திருக்க வாய்ப்பே இல்லாத கசிவைச் சில ஒப்பந்தங்கள் ஏற்கின்றன. வேறு சில, 14 நாள்களுக்கு மேல் தொடர்ந்த எந்தக் கசிவையும், அது மறைவானதா இல்லையா என்று பார்க்காமல் விலக்கிவிடுகின்றன. ஆகவே உங்கள் பாலிசியில் "மறைவான" என்ற சொல் எங்கேனும் வருகிறதா, அதனோடு கால வரம்பு ஏதேனும் கட்டப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

மதிப்பீட்டாளர் வந்தவுடன் சுவரில் காலத்தின் தடயத்தைத்தான் தேடுவார். ஒரே முறை நனைந்த சுவரில் கறை ஒரே விளிம்போடு இருக்கும். மீண்டும் மீண்டும் நனைந்து காய்ந்த சுவரில் வளையத்துக்குள் வளையமாகக் கறை படிந்திருக்கும். உப்புப் பூப்பதும் அப்படித்தான்: நீர் சுவருக்குள் உள்ள உப்பைக் கரைத்து மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, அங்கே ஆவியாகி, உப்பை விட்டுச் செல்கிறது. கண்ணில் படும் அளவுக்கு அது திரள்வதற்குப் பல சுற்றுகள் வேண்டும். மரம் உளுத்திருத்தல், ஆணிகளில் தடித்த துரு, பூஞ்சணம் பல நிறங்களில் படர்ந்திருத்தல் ஆகியவையும் நீண்ட காலத்தையே காட்டும். நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் உங்கள் நிலை அவ்வளவு சாதகமாக இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

ஆனாலும் நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். தாமதமாகத் தெரிவிப்பதே கோரிக்கையை மறுக்கக் காரணமாகலாம். தெரிவித்த பிறகு கைகட்டிக் காத்திருக்கவும் வேண்டாம். சேதம் மேலும் பரவாமல் தடுக்கும் கடமை ஏறத்தாழ எல்லா ஒப்பந்தங்களிலும் வீட்டுக்காரருக்கு உண்டு. நீரை நிறுத்துங்கள், அலமாரியை நகர்த்துங்கள், ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுங்கள். பழுதான குழாய்த் துண்டு, உடைந்த வால்வு, கழற்றிய வாஷர் எதையும் எறிந்துவிடாதீர்கள். காரணத்தை நிறுவும் சான்று அந்தப் பொருளில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. குழாய் வெடிப்பு ஏற்கப்பட்டாலும், நீர் பாய்ந்து கெட்ட சுவருக்கும் தரைக்கும் பொருள்களுக்கும்தான் பணம் வரும். துருப்பிடித்த அந்தக் குழாயை மாற்றும் செலவு தேய்மானத்தில் சேர்ந்து நம் தலையில்தான் விழும். கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சுவரை உடைத்து மீண்டும் பூசும் செலவும் சில பாலிசிகளில் தனிப் பிரிவாக, தனி உச்சவரம்போடு இருக்கும்; சிலவற்றில் அது அறவே இருக்காது.

குழாய்க்கைவினை எழுதியது:

உடைப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சுவரில் உளியை வைக்காதீர்கள். சுவர் ஓதத்துக்கு நான்கு மூலங்கள் உண்டு: அழுத்தத்தோடு வரும் வழங்கு குழாய், கழிவுநீர்க் குழாய் அல்லது குளியலறைத் தரை, வெளியிலிருந்து இறங்கும் மழைநீர் அல்லது நிலத்திலிருந்து ஏறும் ஈரம், காற்றிலிருந்து குளிர்ந்து படியும் நீர். இந்த நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு.

வழங்கு குழாயைச் சோதிப்பது எளிது. எல்லாக் குழாய்களையும் மூடி, நீர் எடுக்கும் இயந்திரங்களை நிறுத்தி, நீர்மானியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. மானி இல்லாத வீடுகளில் தொட்டிக்குள் வரும் நீரை அடைத்துவிட்டு நீர்மட்டத்தைக் குறித்து வைத்தும் இதையே செய்யலாம். ஃப்ளஷ் தொட்டியையும் மறக்க வேண்டாம். அதில் சிறிது உணவு வண்ணத்தைக் கலந்து, ஃப்ளஷ் செய்யாமல் கால் மணி நேரம் விட்டால், உள் வால்வு ஒழுகும் பட்சத்தில் வண்ணம் பீங்கானில் தெரியும். நொடிக்கு ஒரு சொட்டு என்பது கேட்கச் சிறிதாக இருக்கும். ஒரு நாளைக்கு அது ஏறத்தாழ 20 லிட்டர். சுவருக்குள் நடந்தால் அவ்வளவையும் செங்கல் குடிக்கிறது.

குளியலறைத் தரைக்கு வேறு சோதனை. வடிகால் வாயை அடைத்து, தரையில் 2 அல்லது 3 செண்டிமீட்டர் உயரத்துக்கு நீரைத் தேக்கி, மட்டத்தைக் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். அருகிலேயே ஒரு வாளியில் நீர் வைத்து அதன் மட்டத்தையும் குறித்துக்கொண்டால், ஆவியானது எவ்வளவு, இறங்கியது எவ்வளவு என்று பிரித்தறியலாம். வாளியை விடத் தரையில் அதிகம் குறைந்திருந்தால் நீர்க்காப்புப் பூச்சோ, தரையும் சுவரும் சந்திக்கும் மூலையோ பழுது. மட்டம் குறையாமல், அடைப்பை எடுத்து நீரை விட்ட பிறகு மட்டுமே மறுபக்கம் ஈரம் கூடினால் கழிவுநீர்க் குழாயின் இணைப்பைப் பார்க்க வேண்டும்.

காற்று ஈரம் என்ற ஐயம் இருந்தால், சுவரின் ஒரு பகுதியில் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் நாடாவால் இறுக ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். தாளுக்கு உள்ளே நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் படிந்திருந்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது. சமையலறை, குளியலறைகளில் காற்றுப்போக்கி சரியாக ஓடாத வீடுகளில் கசிவே இல்லாமல் சுவர் கறுத்துப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குளிர்சாதனத்தின் வடிநீர்க் குழாய் பாசி அடைத்து உள்ளேயே வழிவதும் அடிக்கடி நடப்பதுதான்.

மூன்றாம்தளம் எழுதியது:

மேலே உள்ள இரண்டு பதிவுகளையும் சேர்த்து வாசிக்கும்போது என் எண்ணம் உறுதிப்படுகிறது. வீடுகளைக் கெடுப்பது மெல்லிய கசிவு; காப்பீடு ஏற்காததும் அதே மெல்லிய கசிவு. அப்படியானால் ஆண்டுதோறும் கட்டும் பிரீமியத்தைப் பராமரிப்பில் செலவிடுவதுதானே அறிவுடைமை? அந்தப் பணத்தில் பழைய குழாய்களை மாற்றலாம், கசிவு உணரிகளைப் பொருத்தலாம், நீரோட்டம் இயல்புக்கு மாறினால் தானாக மூடிக்கொள்ளும் வால்வை வாங்கலாம். இது உண்மையாகவே எனக்குள்ள கேள்வி. யாரையும் குறைசொல்லும் நோக்கம் இல்லை.

ஓய்வுபெற்ற மதிப்பீட்டாளர் எழுதியது:

நல்ல கேள்வி. அதன் முதல் பாதியோடு முழுமையாக உடன்படுகிறேன். மெல்லிய கசிவுக்குப் பராமரிப்பைத் தவிர வேறு காப்பு இல்லை. இரண்டாம் பாதியைத்தான் ஏற்க முடியவில்லை.

வாஷிங் மெஷினுக்கு நீர் தரும் ரப்பர் குழாய் பிய்த்துக்கொண்டால் நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் 600 லிட்டர் கொட்டும். வீட்டில் ஆளில்லாத ஒரு பகல் பொழுதில் அது தரை, கதவு நிலைகள், மின்கருவிகள், படுக்கைகள் ஆகியவற்றோடு நில்லாமல், கீழ்த்தளத்தில் இருப்பவரின் கூரையையும் பொருள்களையும் கெடுத்துவிடும். அவருக்கு நீங்கள் தர வேண்டிய ஈடு எவ்வளவு வளரும் என்பது உங்கள் கையில் இல்லை. பராமரிப்புக்காக ஒதுக்கிய பணம் அந்த ஒரு நாளுக்கு ஈடுகொடுக்காது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடு தங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும் என்பேன். என் கருத்தில், கட்டடக் காப்பீட்டுக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

வெள்ளம் முற்றிலும் வேறு கணக்கு. வீட்டுக்குள் உள்ள குழாயிலிருந்து வந்த நீரும், நிலத்தின் மேல் பரவி வாசல் வழியாக உள்ளே வந்த நீரும் ஒப்பந்தத்தில் ஒன்றல்ல. இரண்டாவது, பல நாடுகளில் வழக்கமான வீட்டுப் பாலிசியில் அடங்காது. தனியாக வாங்க வேண்டும், வாங்கிய நாளிலிருந்து காத்திருப்புக் காலமும் இருக்கக்கூடும். ஆகவே மழை எச்சரிக்கை வந்த பிறகு தேடிப் பயனில்லை. சாக்கடை நிரம்பிக் கழிவறை வழியாக எதிர்த்து வரும் நீர் இவ்விரண்டிலும் சேராமல், கூடுதல் பிரிவாக எடுத்தவருக்கு மட்டுமே கிடைப்பது உண்டு.

காப்பீட்டுத் தொகையைக் குறைத்துப் போட்டுப் பிரீமியத்தை மிச்சப்படுத்துவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டடத்தை மீண்டும் எழுப்ப 100 பங்கு செலவாகும் என்றால், 60 பங்குக்கு மட்டும் காப்பீடு எடுத்தவருக்கு 20 பங்கு இழப்பு நேரும்போது, காப்பீடு எடுத்த விகிதத்திலேயே இழப்பீடும் தரும் விகிதக் கணக்கு உள்ள பாலிசியில் 12 பங்குதான் (20-இல் 60 விழுக்காடு) கிடைக்கும். சேதம் 60-க்குள் அடங்குகிறதே என்ற வாதம் அங்கே எடுபடாது. அதேபோல, மனையின் விலையைச் சேர்த்துத் தொகையை ஏற்றிக்கொள்வதும் வீண். தண்ணீரில் மனை அழிவதில்லை, கட்டுமானம்தான் அழிகிறது. புதிதாக வாங்கும் விலை தருவார்களா, தேய்மானம் கழித்துத் தருவார்களா என்பதையும் பொருள்கள் பகுதியில் தனியாகப் பாருங்கள்.

வாடகைக்குடி எழுதியது:

நான் வாடகை வீட்டில் இருக்கிறேன். மேல்தளக் கசிவால் என் மடிக்கணினியும் புத்தகங்களும் நனைந்தன. உரிமையாளர் தம்மிடம் காப்பீடு இருக்கிறது என்கிறார். அதிலிருந்து எனக்கு ஏதேனும் வருமா?

கட்டடக்குழு எழுதியது:

எங்கள் குடியிருப்பின் நிர்வாகக் குழுவில் இருப்பதால் இதைச் சொல்ல முடிகிறது. உரிமையாளரின் பாலிசி கட்டடத்துக்கும் அவருடைய உடைமைகளுக்கும் உரியது. உங்கள் பொருள்கள் அதில் வாரா. வாடகைதாரர் தம் பொருள்களுக்கு மட்டும் தனியாகக் காப்பீடு எடுக்கலாம், கட்டடம் அதில் சேராததால் பிரீமியமும் குறைவாகவே இருக்கும். மேல்தளத்தார் கவனக்குறைவாக இருந்தார் என்று காட்ட முடிந்தால் அவரிடமோ அவருடைய பொறுப்புக் காப்பீட்டிடமோ கேட்க இடமுண்டு. அதற்கு, ஈரத்தைக் கண்ட அன்றே அவருக்கும் உரிமையாளருக்கும் தேதியிட்டு எழுத்தில் தெரிவித்திருப்பது மிகவும் உதவும். குழாய் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதா, எல்லாத் தளங்களுக்கும் பொதுவான செங்குத்துக் குழாயா என்பதைப் பொறுத்துப் பொறுப்பு குழுவுக்கு மாறுவதும் உண்டு. அதைக் குடியிருப்பின் விதிகளில்தான் பார்க்க வேண்டும்.

குழாய்க்கைவினை எழுதியது:

மூன்றாம்தளம் கேட்ட கருவிகள் பற்றி. தரையில் வைக்கும் சிறிய உணரி, நீர் தன்னைத் தொட்ட பிறகுதான் ஒலிக்கும். வாஷிங் மெஷினுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, நீர்சூடேற்றிக்கு அடியில் அதற்கு வேலை இருக்கிறது; சுவருக்குள் நடக்கும் கசிவை அது அறியாது. மெயின் குழாயில் நீரோட்டத்தை அளந்து தானாக மூடும் வால்வு அதைவிட மேலானது. ஆனால் மின்சாரம் நின்றபோது அது திறந்தே இருக்குமா, மூடிக்கொள்ளுமா என்று கேட்டு வாங்குங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அது கையால் திருகினால் திரும்பவும் வேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடாத வால்வு அவசரத்தில் அசையாது என்பதால், ஆண்டுக்கு இரண்டு முறையாவது மூடித் திறந்து பாருங்கள்.

ரப்பர் இணைப்புக் குழாய்களை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது; எஃகுக் கம்பி பின்னிய குழாய் ரப்பரை விட நம்பகமானது. பயன்படுத்தாத நேரத்தில் மெஷினின் குழாயை மூடி வைத்தால் அந்த இணைப்பின் மேல் அழுத்தமே இருக்காது. உயர்ந்த கட்டடங்களின் கீழ்த்தளங்களில் இருப்பவர்கள் நீரழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். தொட்டி 60 மீட்டர் மேலே இருந்து, இடையில் அழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால், உங்கள் குழாயில் 6 பார் நிற்கும். 5.5 பாருக்கு மேல் போனால் அழுத்தம் குறைக்கும் வால்வு தேவை. உறைபனி விழும் இடங்களில் நீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடும். பனிக்கட்டி அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே சிக்கிய நீரில் அழுத்தம் ஏறித்தான் குழாய் பிளக்கிறது. அங்கே வெளிச்சுவர்க் குழாய்களுக்கு உறை சுற்றுவதும், வெளியூர் செல்லும்போது குழாய்களை வடித்துவிடுவதும் அவசியம்.

நீர் பாய்ந்துவிட்டால் முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். மின்பலகை இருக்கும் இடத்துக்கு நீரில் நடந்துதான் போக வேண்டும் என்றால் போகாதீர்கள்; வெளியிலிருந்து இணைப்பைத் துண்டிக்க ஆளை அழையுங்கள். பிறகு காய வைப்பதில் தாமதம் கூடாது, ஏனெனில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் முளைக்கத் தொடங்கிவிடும். சாக்கடை நீரில் நனைந்த மெத்தை, விரிப்பு போன்றவற்றைக் காய வைத்துப் பயன்படுத்த முயல வேண்டாம்.

சுண்ணாம்புச்சுவர் எழுதியது:

வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. குழாய்க்கைவினை சொன்ன வரிசையிலேயே சோதித்தேன். நீர்மானி நகரவில்லை. தரையில் நீரைத் தேக்கியபோது வாளியில் மட்டம் ஏறத்தாழ அப்படியே இருக்க, தரையில் தெளிவாக இறங்கியிருந்தது. அதே நேரத்தில் படுக்கையறைச் சுவரில் ஈரம் மேலே ஏறியது. வழங்கு குழாயில் குறையில்லை, தரையும் சுவரும் சேரும் மூலையில்தான் பழுது என்பது உறுதியானது.

நிறுவனத்துக்கு முன்பே எழுதியிருந்ததால் மதிப்பீட்டாளர் வந்து பார்த்தார். சுவர், அலமாரி இரண்டுமே படிப்படியான சேதம் என்ற விலக்கில் சேரும் என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். மேல்முறையீடு செய்தால் பயன் இருக்குமா?

ஓய்வுபெற்ற மதிப்பீட்டாளர் எழுதியது:

மறுப்பை எழுத்தில், எந்தப் பிரிவின் கீழ் என்ற எண்ணோடு கேட்டுப் பெறுங்கள். அது உங்கள் உரிமை. நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும், அதற்கு மேல் உள்ள முறையீட்டு அமைப்புக்கும் எழுதும்போது அந்தக் கடிதம்தான் அடிப்படை. ஆனால் உங்களிடம் நேர்மையாகச் சொல்வதானால், குழாய் எதுவும் வெடிக்காத நிலையில், மூலைப் பூச்சு விட்டுப்போய் நீர் ஊறியதை எந்த முறையீட்டு அமைப்பும் ஏற்கும் என்று நான் நினைக்கவில்லை. அதற்குச் செலவிடும் நேரத்தைப் பாலிசி புதுப்பிக்கும்போது செலவிடுங்கள்: மறைவான கசிவு, கசிவு தேடும் செலவு, பிறருக்கான பொறுப்பு ஆகிய மூன்றும் எந்த வரம்போடு கிடைக்கும், வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாள் பூட்டியிருந்தால் எது நின்றுபோகும், ஒவ்வொரு கோரிக்கையிலும் நம் கையிலிருந்து போகும் முதல் தொகை எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். பழைய சேதத்தைச் சரிசெய்துவிட்டதையும் சான்றோடு தெரிவித்துவிடுங்கள். பின்னாளில் அதே அறையில் ஒரு குழாய் உண்மையாகவே வெடித்தால், இது பழைய ஓதம் என்று யாரும் தட்டிக்கழிக்க இடமிருக்காது.

குழாய்க்கைவினை எழுதியது:

அப்படியானால் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். படுக்கையறைப் பக்கம் ஈரம் தடுக்கும் பெயிண்ட் அடித்துக் கறையை மறைத்துவிடலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். நீர் வரும் பக்கத்தை விட்டு மறுபக்கத்தை அடைத்தால், வெளியேற வழியில்லாத ஈரம் சுவருக்குள் இன்னும் உயரமாக ஏறும். டைல்ஸ் இடுக்குகளில் மட்டும் புதிதாகப் பூசுவதும் போதாது. சிமெண்ட் இடுக்குப் பூச்சு நீரைத் தடுப்பதில்லை. நீரை நிறுத்துவது டைல்ஸுக்கு அடியில் உள்ள நீர்க்காப்புப் படலம்தான்.

குளியலறையில் தரை டைல்ஸையும் சுவரின் கீழ்வரிசைகளையும் எடுத்துவிட்டு, வடிகாலை நோக்கி வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தரையும் சுவரும் சேரும் மூலையைக் கூராக விடாமல், கலவையால் வளைவாக உருட்டிப் பூசச் சொல்லுங்கள்; படலம் பெரும்பாலும் அந்தக் கூர்மூலையில்தான் விரிகிறது. முதல் பூச்சுக்குக் குறுக்காக இரண்டாம் பூச்சு போக வேண்டும். சுவரில் குறைந்தது 30 செண்டிமீட்டர் உயரம் வரையும், நீர் தெறிக்கும் இடத்தில் ஆள் உயரம் வரையும் படலம் ஏற வேண்டும். குழாய்கள் தரையைத் துளைத்து வரும் இடங்களைத் தனித்தனியாக அடைக்க வேண்டும். பூச்சு முழுதாக இறுகிய பிறகு, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், மீண்டும் 24 மணி நேரம் நீரைத் தேக்கிப் பாருங்கள். வேலை செய்பவர் அவசரப்படுத்துவார். இந்த ஒரு நாளை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நீர்மட்டக் குறியோடு, தேதி தெரியும்படி படம் எடுத்துப் பில்லோடு சேர்த்து வையுங்கள். படுக்கையறைப் பக்கம் உப்பேறிய காரையை, ஈரக்கோட்டுக்கு மேலே அரை மீட்டர் வரை கொத்தி எடுத்துவிட்டுச் சுவரைத் திறந்தே காய விடுங்கள். செங்கல் சுவர் காயப் பல வாரங்கள் பிடிக்கும். ஈரமானி இருப்பவரை அழைத்து அளந்து, அளவு நிலையாகத் தாழ்ந்த பிறகு காரை பூசுங்கள். அந்தப் புதுக்காரையும் காய்ந்த பிறகு பெயிண்ட் அடிக்கலாம். அலமாரியைத் திரும்ப வைக்கும்போது சுவருக்கும் அதற்கும் இடையே கை நுழையும் அளவு இடைவெளி விடுங்கள்.